பதினெட்டாயிரம் அடிக்குக் கீழே

“பஜ்ஜியெல்லாம் அப்பால. மொதல்ல பிளேன எறக்கிக் காட்டச் சொல்லு.”

மனைவி சொர்ணம் கொண்டுவந்த தட்டை அய்யாதுரை அப்படியே திருப்பி அனுப்பினார். பெண் பார்க்க வந்திருந்த ஸ்ரீகிருஷ்ணா நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்க வந்த எடத்துல பரீட்சையா?” என்றார் தரகர் கபாலி.

“பின்ன, நீ சொல்றத நம்பச் சொல்றியா? போன தபா இன்சினியருன்னு ஒருத்தன இட்டாந்த. விசாரிச்சா, தி.நகர்ல மிக்சி ரிப்பேர் பண்றவன். இப்ப பைலட்டுன்ற. பைலட்டு எதுக்குய்யா மந்தைவெளி சைக்கிள் கடைக்காரன் பொண்ணத் தேடிக்கினு வரான்?”

இதற்குப் பதில் மகள் சாருலதாவிடம் இருந்தது. அவளும் ஸ்ரீகிருஷ்ணாவும் இரண்டு வருஷமாகப் பழகுகிறவர்கள். பையனின் ஜாதகம் கபாலி கைக்குப் போய்ச் சேர வழி செய்ததே அவள்தான். இவன் இல்லையென்றால் எவனுக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகிவிடும்.

சாரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். அங்கே கழித்துப்போட்ட மிஷின் ஒன்று இப்போது வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு. பேருக்குத்தான் விளையாட்டு. முள்ளும் குமிழும் அசல் விமானத்தில் இருப்பதுபோலவே இருக்கும்.

“மீனம்பாக்கத்துல எறக்கச் சொல்லு.”

“அதுல மெட்ராஸ் இல்லப்பா. நியூயார்க்தான்.”

“நம்ம ஊரு அவ்ளோ கேவலமா பூட்சா? சரி, அங்கியே எறக்கட்டும்.”

ஸ்ரீகிருஷ்ணா மிஷின் முன்னால் உட்கார்ந்தான். திரையில் விமானம் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அய்யாதுரை ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கபாலியின் காதைக் கடித்தார்.

“அந்தக் கடியாரத்தப் பாரு. எம்மாம் ஒசரத்துல போறோம்னு காட்டும். காத்து அழுத்தத்த வச்சித்தான் அது கணக்குப் போடும். மேல பறக்கசொல்ல எல்லாத்துக்கும் ஒரே நம்பரு. இருபத்தொம்பது தொண்ணூத்திரண்டு. பதினெட்டாயிரம் அடிக்குக் கீழ வந்தா, எறங்கற ஊரு நம்பருக்குக் குமிழத் திருப்பணும். இன்னிக்கு அங்க புயலுன்னு சாரு வச்சிகீறா. நம்பரு இருபத்தொம்பது நாப்பது.”

“திருப்பலன்னா?”

“கடியாரம் ஐந்நூறு அடி ஜாஸ்தியா காட்டும். இவன் ஆகாசத்துல கீறோம்னு நெனச்சிக்கினு இருப்பான். தரை வந்து மூஞ்சியில அறையும்.”

“உனுக்கு எப்டி அண்ணாத்தே இதெல்லாம்?”

“சாரு ஒரு வாரமா இந்த ஒண்ணத்தான் சொல்லிக் குடுத்தா. அசல் பைலட்டு பல்லு வெளக்க மறந்தாலும் இத மறக்கமாட்டானாம்.”

விமானம் இறங்க ஆரம்பித்தது. இருபதாயிரம். பத்தொன்பதாயிரம். அய்யாதுரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சமையலறை வாசலில் சொர்ணம் முண்டகக்கண்ணி அம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். சாரு அப்பாவின் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பதினெட்டாயிரம்.

ஸ்ரீகிருஷ்ணாவின் கை மவுஸோடு குமிழ் பக்கம் போனது. சாரு இருமினாள். கை நின்றுவிட்டது. அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் குமிழ் பக்கமே போகவில்லை.

பத்தாயிரம். மூவாயிரம். திரை முழுக்க மேகம். நம்பர் தொண்ணூத்திரண்டிலேயே நின்றது.

“தரை எங்க தம்பி?”

“இன்னும் ஐந்நூறு அடி இருக்கு சார்.”

சொல்லி வாய் மூடவில்லை, டமால் என்று ஒரு சத்தம். திரை அப்படியே உறைந்துபோனது.

கபாலி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னாப்பா தம்பி, மானத்த வாங்கிட்டியே! வா, போலாம்.”

“நீ உக்காருய்யா,” என்றார் அய்யாதுரை. பையன் பக்கம் திரும்பினார். “மறைக்காத சொல்லு. ஏர்போர்ட்டுல ஆபீஸ் வேலைதான?”

ஸ்ரீகிருஷ்ணா தலையைக் குனிந்துகொண்டான்.

“அதான பாத்தேன். சொர்ணம், வெத்தல பாக்கு தட்ட எடுத்தா. இவன்தான் மாப்ள.”

கபாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணாத்தே, பரீட்சையில கோட்ட வுட்டவனுக்கா பொண்ணு?”

“பைலட்டுன்னு நீ சொன்ன நாளா எனக்குத் தூக்கம் இல்லய்யா. ஆகாசத்துல சுத்தறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, எப்ப எறங்குவானோன்னு நான் அண்ணாந்து பாத்துக்கினு நிக்கணுமா? செத்தாலும் குடுக்கமாட்டேன். நீ சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிக்கத்தான் உக்காந்து இத்தக் கத்துக்கினேன். இவனுக்கு ஒரு குமிழத் திருப்பத் தெரியல. தரையிலியே பத்திரமா கெடப்பான்.”

தாம்பூலம் மாறியது. அய்யாதுரை கபாலியோடு நாள் பார்க்க உட்கார்ந்தார். ஸ்ரீகிருஷ்ணா வாசலில் செருப்பு மாட்டும்போது, கேட்டைத் திறந்துவிடுகிற சாக்கில் சாரு பின்னாலேயே வந்தாள்.

“இன்னிக்கு நான் இருமினேன்னு தொடாம வுட்ட, சரி,” என்றாள் மெதுவாக. “நாளைக்குக் காலைல பம்பாய் பிளைட்ட எறக்கசொல்லயாவது ஒழுங்கா திருப்பு. பின்னால இருநூறு பேர் உக்காந்திருப்பாங்க.”