பூட்டாத பணம்

"பணத்தை ஒரு வருஷத்துக்குப் பூட்டிப் போட்டுடுப்பா. கையில இருந்தா நீ படகு வாங்கிடுவே" என்றாள் வங்கி ஊழியர் மார்லிஸ்.

பிரெண்ட் சிரிக்க முயன்றான். மினசோட்டாவின் ஏரிகளெல்லாம் உறைந்து கிடந்த ஜனவரி அது. சிறுவயதில் அவன் தன் முதல் உண்டியலை உடைத்துக் கொட்டியதும் இந்த வங்கியில், இவள் மேஜையில்தான்.

இன்று அவன் சட்டைப்பையில் இருந்த காசோலை ஊராருடையது. அவன் மனைவி கிர்ஸ்டனின் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பணம் திரட்டத் தீயணைப்பு நிலையத்தில் விருந்து வைத்தார்கள். சாப்பாட்டுக்கு விலை சொல்லவில்லை. வாசலில் காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்று இருந்தது. அவரவர் முடிந்ததைப் போட்டார்கள்.

நுரையீரல் கிடைப்பதற்குள் கிர்ஸ்டன் போய்விட்டாள்.

திருப்பிக் கொடுக்கலாமென்றால், வாளியில் பெயர் ஏது? விருந்தை நடத்தியவர்களிடம் கேட்டான். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்கள். அதில் ஒரு டாலரைத் தனக்கென்று செலவழிக்க அவனுக்குக் கை வரவில்லை.

மார்லிஸ் விளக்கினாள். ஓராண்டு வைப்பில் வட்டி கூடுதல். நடுவில் கைவைத்தால் அபராதம். மணி மார்க்கெட் கணக்கில் வட்டி சற்றுக் குறைவு, அதுவும் ஏறி இறங்கும்; ஆனால் நினைத்த நாளில் எடுக்கலாம், காசோலையும் எழுதலாம். சின்ன வயசு, வட்டி சேரட்டும் என்றாள்.

மணி மார்க்கெட் போதும் என்றான்.

பணம் எப்போது தேவைப்படும் என்று கேட்டாள். தெரியாது, ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் உடனே மினியாபொலிஸுக்குக் கிளம்ப வேண்டும், அப்போது வைப்பை முறித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்றான்.

அவள் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. கிர்ஸ்டனுக்கு வர வேண்டிய அழைப்பை இன்னும் எதிர்பார்க்கிறானோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. மெல்ல அந்தப் பெயரைச் சொன்னாள்.

"அவளுக்கு இல்ல, மார்லிஸ். கணக்கு ரெண்டு பேர் பேர்ல இருக்கட்டும். இன்னொரு பேர் உங்களோடது. உங்க டுவெயினுக்குக் கிட்னி எப்ப கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?"

தன் கணவனுக்காக யாரும் விருந்து வைக்கக் கூடாது என்று ஊர் முழுக்கக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தவள் அவள்.

மார்லிஸ் கணினியில் தட்டியிருந்ததையெல்லாம் அழித்தாள். மறுத்துவிட்டாள் என்று நினைத்தான் பிரெண்ட்.

நாற்காலியை விட்டு எழுந்து, அடுத்த மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஹெய்டி, நீ வந்து இதை முடிச்சுக் குடு. என் பேர் வர்ற கணக்கை நானே திறக்கக் கூடாது."