பட்டியலில் பெயர் வரும்வரை

"சனிக்கிழமை எழுதின தேர்வு செல்லாது. மறுபடி எழுதணும்மா."

வாசலில் நின்றபடியே சொன்னார் ஹார்லன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெர்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ரேடியோவில் பேசும் உரிமத்துக்காக அவள் பத்தொன்பது நாள் படித்து எழுதிய தேர்வு. முப்பத்தைந்து கேள்விகளில் முப்பத்துமூன்று சரி. சர்ச் கூடத்தில் மூன்று பரிசோதகர்கள் திருத்தி, கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி அனுப்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் இதே ஹார்லன்தான்.

"என்ன தப்பு பண்ணேன்?"

"தாள்ல ஒரு பிழை. சட்டப்படி செல்லாது. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க."

"புதன்கிழமைக்குள்ள என் பேரு அரசாங்கப் பட்டியல்ல வந்துடுமா? வந்தாத்தானே நான் ரேடியோல பேசலாம்?"

"சொல்ல முடியாதும்மா."

அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவள் கணவன் மெர்லுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

மெர்ல் நாற்பத்தொரு வருஷமாக, பொழுதுபோக்காக, வீட்டிலிருந்தே சொந்த ரேடியோவில் பேசுகிறவன். உலகத்தின் அந்தக் கோடிவரை ஆட்களைப் பிடித்துப் பேசியிருக்கிறான். "நீயும் ஒரு உரிமம் வாங்கேன். ஒரே ஒரு தடவை காத்து வழியா உன்கூடப் பேசணும்" என்று வருஷா வருஷம் கெஞ்சுவான். "சமையல்கட்டிலேருந்து கத்தினா உனக்குக் கேக்காதா?" என்று வெர்னா சிரித்துவிடுவாள்.

இப்போது இரண்டு நாள்தான் இருந்தது.

விஷயம் கேட்டுப் பக்கத்து வீட்டு டோரீன் கொதித்தாள். அவளும் ரேடியோக்காரிதான்.

"அந்த ஆளு சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வெச்சுத் தூங்கறவர்! ஞாயிறு தவறாம ரேடியோல எல்லாருக்கும் பாடம் வேற. 'உரிமம் பத்து வருஷம்தான். தேதியைப் பாருங்க. தேதி முடிஞ்சவங்க மைக்கைத் தொடாதீங்க.' ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், அதுக்குப் போய் இந்தப் பாடு. பேசாம நீ இப்பவே பட்டனை அழுத்திப் பேசு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றான் மெர்ல். குரல் பாதி காற்றாக வந்தது. "யாரோட எப்போ பேசினேன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதியிருக்கேன். அதுல ஒரு பொய் கிடையாது. அவ பேரு பட்டியல்ல வரட்டும்."

"உன் குரல் தாங்குமா?" என்றாள் டோரீன்.

"புதன்கிழமைவரைக்கும் தாங்கும். நீ வாயை அடக்கினா நானும் அடக்கிப்பேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் வெர்னா மறுபடி எழுதினாள். முப்பத்தொன்று சரி. மூன்றாவது பரிசோதகராகப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண் திருத்த உட்கார்ந்தாள். ஹார்லன் உள்ளே வரவில்லை.

"வெளியே வண்டியில உக்காந்து காப்பி குடிக்கறார், பாரு" என்றாள் டோரீன். "உன்னை அலைய வெச்சுட்டு!"

செவ்வாய்க்கிழமை வெர்னா இருபத்தாறு தடவை பட்டியலைத் திறந்து பார்த்தாள். இல்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினொரு தடவை. இல்லை.

நாலு மணிக்குப் பெட்டியைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தாள். மெர்ல் நிலவறையில் தன் ரேடியோ முன்னால் சட்டை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருந்தான்.

நாலு இருபத்தாறுக்கு இன்னொரு தடவை திறந்தாள்.

அவள் பெயர். பக்கத்தில், ரேடியோவில் தன்னை அடையாளம் சொல்ல அவளுக்கென்றே கொடுத்த புத்தம்புது அழைப்பு எழுத்துகள்.

முற்றத்தில் நின்ற வண்டிக்கு ஓடினாள். அதில் மெர்ல் பொருத்தியிருந்த ரேடியோவின் மைக்கை எடுத்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"கேக்குதா, மெர்ல்?"

"நல்லாக் கேக்குது. நாப்பத்தொரு வருஷமா கூப்பிடறேன், இப்பதான் பதில் வந்திருக்கு."

அவள் மைக்கைப் பிடித்தபடியே அழுதாள்.

"அழாதே வெர்னா. பட்டனை அழுத்திக்கிட்டே அழறே. ஊரே கேக்குது."

ஆறு நிமிஷம் பேசினார்கள். பெரும்பாலும் அவன்தான் பேசினான்.

அப்புறம் வழக்கப்படி, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து புது ஆளை வாழ்த்தினார்கள். வெர்னா எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது பேர்.

ஹார்லன் மட்டும் வரவில்லை.

"கவனிச்சியா?" வண்டிக்குப் பக்கத்தில் நின்ற டோரீன் உதட்டைப் பிதுக்கினாள். "மூணு தெரு தள்ளித்தான் வீடு. கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார். ஒரு வாழ்த்துச் சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா? திமிரு!"

வெர்னாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ஹார்லன். வேகமாக நடந்து வந்திருக்கிறார், மூச்சு இரைத்தது. தொப்பி கையில் இருந்தது.

"வாழ்த்துகள்மா. நல்ல தெளிவாப் பேசினீங்க. ரேடியோல சொல்ல முடியலை, அதான் நேர்ல வந்தேன்."

"ஏன் முடியலை?" என்றாள் டோரீன் வெடுக்கென்று.

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் தேதி பாக்கச் சொல்றதுக்கு முன்னாடி என்னோட உரிமத்தைப் பாத்தேன். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோயிருக்கு. சனிக்கிழமை உங்க தாள்ல இருந்த பிழை என் கையெழுத்துதான்மா. உரிமம் முடிஞ்ச பரிசோதகர் போட்டா அது செல்லாது. உங்க புதுத் தாளை முதல்ல அனுப்பிட்டு, அப்புறம்தான் என் உரிமத்தைப் புதுப்பிக்க அனுப்பினேன். என் பேரு இன்னும் பட்டியல்ல வரலை."