வெள்ளிக்கிழமை விரதம்

"ஒரு துண்டு பன்றிக்கறியாவது சாப்பிடுங்கம்மா" என்று கோல்ட்டன் தட்டை நீட்டினான். நோரீன் வேண்டாமென்று தலையாட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் அவள் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட்டதில்லை. அது பழைய வட ஐரோப்பியத் தெய்வமான ஃப்ரிக் தேவியின் நாள். ஆங்கிலத்தில் 'ஃப்ரைடே' என்று அந்தக் கிழமைக்கே அவள் பெயர்தான். நோரீனின் பக்தியைப் பார்த்து வேர்ச் சபைப் பெண்கள் அவள் காலில் விழாத குறை.

அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காட்டில் முப்பது பேர் கூடி நடத்தும் சபை அது. இவர்களுடைய தாத்தாக்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடிவிட்டு உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள். பேரன்களுக்கு அந்தக் கடவுள் ஒத்துவரவில்லை, எல்லா நிறத்தாரையும் சேர்த்துக்கொள்கிறாராம். அதனால் தோர், ஓடின் என்று பழைய சாமிகளைத் தூசி தட்டி எடுத்துவந்து, வெள்ளை ரத்தத்தில் குடிவைத்துவிட்டார்கள்.

"சாமி வானத்துல இல்ல, நம்ம நரம்புல இருக்கு. ரத்தம் கலந்தா சாமி வெளியேறிடும்" என்பார் தலைவர் ஹார்லன். அறுவை சிகிச்சையின்போது இந்தக் கிழவருக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்த ரத்தம் என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று மதியம் ஹார்லன் தனக்கு அடுத்த பூசாரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதவிக்கு ஆசைப்படுகிறவன் தேன் மது நிறைந்த மாட்டுக் கொம்பின் முன் நின்று, இனத்துக்காகத் தான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னால் சபை முழுவதற்கும் கேடு வரும். அதனால் கொம்பை ஏந்தி வரும் பெண் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

கொம்பை ஏந்துகிறவள் நோரீன். பொன்னிறப் பின்னல், நீலக் கண், மார்பில் புதிதாக ஒரு வெண்கலப் பதக்கம். சபையில் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் உண்டா என்று அவளிடம் விசாரித்தார்கள்.

"ஒரே பையன். அவனை அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"யாரு?"

"மனுஷ ஜாதியிலேயே சேர்த்தி இல்லாத ஒருத்தன்."

ஏதோ ஒரு கறுப்பனைத்தான் சொல்கிறாள் என்று சபைக்குப் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் அம்மா.

கோல்ட்டன் வாயைத் துடைத்துக்கொண்டு கொம்பின் முன் வந்து நின்றான். "நாலு வருஷம் முன்னாடி, ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு கறுப்பனைத் தீர்த்துக்கட்டினேன்."

"அடப்போடா! கோழி அறுக்கிறப்பவே மயங்கி விழுந்தவன் நீ" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோல்ட்டனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நிஜம்டா! போலீஸ்கூட மூணு நாள் வச்சுக் கேட்டாங்க. சாட்சி இல்லைன்னு விட்டுட்டாங்க."

நோரீன் கொம்பை இறுகப் பிடித்தபடி நின்றாள். "எதால அடிச்சே?"

"சுத்தியலால."

"அது எங்கே?"

கோல்ட்டன் கொஞ்சம் தயங்கினான். பிறகு பெருமை ஜெயித்துவிட்டது. "ஆத்துல வீசத்தான் போனேன். தோர் சாமி கையில இருக்கிறதும் சுத்தியல்தானே, மனசு வரல. எங்கப்பா கொட்டகையில தரைப்பலகைக்கு அடியில துணி சுத்தி வச்சிருக்கேன். கழுவக்கூட இல்ல."

சபைக்குப் புல்லரித்தது. ஹார்லன் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்னை அவன் என்ன செஞ்சான்?" என்றாள் நோரீன்.

"ஒண்ணும் செய்யல. பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தான்."

கொம்பு சாய்ந்து மது கொஞ்சம் சிந்தியது. பட்டினிக் களைப்பு என்று பக்கத்திலிருந்த பெண் தோளைத் தாங்கப் போனாள். அவள் கையை நோரீன் மெல்ல விலக்கினாள்.

"பேரு?"

"பேப்பர்ல பார்த்தேன். காபியோ என்னமோ." அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "காபி! நல்ல கறுப்புக் காபி!"

மேசை அதிரச் சிரித்தார்கள். ஹார்லனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

நோரீன் கொம்பைக் கவிழ்த்தாள். ஆறு மாதம் ஊறிய மது கோல்ட்டனின் பூட்ஸ் மேல் வழிந்தது. அவள் குனிந்து, மார்புப் பதக்கத்திடம் "எல்லாம் கேட்டுச்சா?" என்றாள்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து ஷெரீஃபின் போலீஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு வரும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் சரிந்தன. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள், தலைவர்தான் முதலில். கோல்ட்டன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அம்மா, நீங்க நம்ம ரத்தம்தானே?"

நான்கு வருடம் நெஞ்சில் எரிந்த நெருப்பு அப்போதுதான் அவள் முகத்தில் தெரிந்தது. அவன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து, அவனைப் பார்த்தபடியே நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு சொன்னாள்:

"காபி இல்லடா, கோஃபி. வெள்ளிக்கிழமை பொறந்தான்னு, ஆப்பிரிக்காவுல அவங்கப்பா ஊர் வழக்கப்படி நான்தான் அந்தப் பேரை வச்சேன்."