ஐம்பது மில்லிகிராம்

மத்தியான வெயில் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து விரிவுரையாளர் சுகந்தியின் மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. எதிரே நர்சிங் மாணவி பெனிட்டா, தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவள், தோள்பையைக்கூட இறக்காமல் நிற்கிறாள். "எங்க ட்ரெயின் வந்து சேர்றதுக்குள்ள உங்க ஃபர்ஸ்ட் அவர் முடிஞ்சிடுது மேம். நோட்ஸ் குடுங்களேன்." இத்தனை பணிவு எதற்கு என்று சுகந்திக்கு உறுத்துகிறது. போன வருஷம் இப்படிப் பணிவாக யாரோ வாங்கிப்போன நோட்ஸ்தான், சுகந்தியின் கையெழுத்தோடு, ஜெராக்ஸ் கடையில் கிளிப் போட்டுத் தொங்கியது. அதனால் இந்த வருஷம் கேட்கிற ஒவ்வொருத்திக்கும் தனிப் பிரதி. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு மருந்தின் அளவு மட்டும் வேண்டுமென்றே தப்பு. கடையில் எந்தத் தப்பு தொங்குகிறதோ, அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். வாங்கிக்கொண்ட பெனிட்டா போகாமல் அங்கேயே புரட்டுகிறாள். அப்படி என்ன தேடுகிறாள்? மின்விசிறிக் காற்று தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. விரல் ஒரு வரியில் நிற்கிறது. "மேம், குழந்தைங்க காய்ச்சல் மருந்து கிலோவுக்கு ஐம்பது மில்லிகிராம்னு இருக்கு. பதினஞ்சுதானே? வார்டுல அப்படித்தான் குடுக்குறோம்." சுகந்தி பேனாவைத் திறந்து, எழுதாமலே மூடுகிறாள். "கை தவறிடுச்சும்மா." பெனிட்டா தாளை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறாள். "மத்தவங்களுக்குக் குடுத்ததை சரி பாத்துட்டீங்களா மேம்?" போன வாரம் வாங்கிப்போனவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் இந்த வாரம் குழந்தைகள் வார்டு. ஒருத்தியும் வந்து கேட்கவில்லை.