பயணத்தின் நோக்கம்

பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் விசாரிக்க வேண்டும் என்பது சர்வேயின் விதி. சீனியர் கேள்வி கேட்பாள். சேர்ந்து நாலே நாளான புதியவள், தூசி ஒத்துக்காது என்று முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பின்னால் நின்று பதிலை எழுதுவாள்.

அடுத்து ஏறிய ஐந்தாவது ஆளைப் பார்த்ததும் புதியவளின் பேனா தாளில் கோணல்மாணலாக ஓடியது.

"என்ன, பேனா இப்படி டான்ஸ் ஆடுது?" என்று கிண்டலடித்துவிட்டு, சீனியர் அவனிடம் திரும்பினாள்.

"தினமும் இந்த பஸ்தானா சார்?"

"இல்ல. ஒரு நாளைக்கு ஒரு ரூட்."

"பயணத்தின் நோக்கம்?"

"என் பொண்டாட்டியைத் தேடுறேன். ஆறு மாசமா ஆளைக் காணோம்."

"ஐயோ பாவம்!"

"என்ன பாவம்? கையில கிடைக்கட்டும், இந்தத் தடவை காலை உடைச்சு வீட்டுல போட்டுடுவேன்."

புதியவள் சீனியரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அவன் செல்போனை நீட்டினான். "இவதான். எங்கேயாவது பார்த்தீங்களா?"

சீனியர் போட்டோவை உற்றுப் பார்த்தாள்.

"இல்லையே சார். ஊரெல்லாம் சுத்துறோம், இந்த முகத்தைப் பார்த்ததே இல்ல. நாளைக்கு எந்த ரூட்ல தேடப் போறீங்க?"

"பதினேழு."

அவன் இறங்கிப் போனதும், சீனியர் புதியவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பதினேழுக்கு நான் தனியாப் போறேன், நீ ஆபீஸ்லயே இரு. போட்டோவுலயும் நீ இதே மாதிரிதாம்மா மிரண்டுபோய் நிக்கிற!"