நாணல் குருவிக்கு ஒரு பக்கம்

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடு மாப்ள. பக்கத்துல லாரி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார் பாம்புக்காது.

அவர் மாப்பிள்ளை என்றது மனைவியின் தம்பியை. தொழில் பல் மருத்துவம். கழுத்தில் தொங்கிய கேமராவின் நீளத்தைப் பார்த்தால், கடைவாய்ப் பல்லை அதை விட்டுத்தான் பிடுங்குகிறாரோ என்று தோன்றும்.

ஏரிக்கரையில் அவர்களோடு நின்ற மூன்றாவது ஆள், படம் வரையும் பெண். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பவள். வெளியே வரும்போது அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அப்படிப்பட்ட காதில் மிச்சம் என்ன இருக்கும் என்று பாம்புக்காதுக்கு ஒரு நினைப்பு.

வட்டாரப் பறவைகளுக்கு ஒரு சின்னக் கையேடு தயாராகிக்கொண்டிருந்தது. படங்கள் அவளுடையவை. எந்தப் பறவை உள்ளே, எந்தப் பறவை வெளியே என்பதைச் சொல்வது பாம்புக்காது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. புதரில் எது முனகினாலும் பெயர் சொல்லிவிடுவார் என்பதால், பறவை பார்க்கும் கூட்டம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு பக்கம் பாக்கி. நாணல் குருவி இன்று குரல் கொடுத்தால் அந்தப் பக்கம் அதற்கு. இல்லையென்றால், கடைசியில் பொடி எழுத்தில் 'இங்கே இப்போது இல்லை' என்று ஒரு வரி. கதை முடிந்தது.

"போன வாரம் படம் புடிச்சேனே அத்தான். காட்டினேன்ல?"

"காட்டின. பழுப்பா ஒரு முதுகு. சாக்குப்பைகூட அந்த அழகுல வரும்."

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இதே பேச்சுதான். பல் மருத்துவர் விடுவதாக இல்லை. அக்காள் புருஷன் என்ற மரியாதைக்குக் குறைவில்லாமல், ஆனால் வரிக்கு வரி மல்லுக்கட்டிக்கொண்டே வந்தார்.

படத்தை ஏன் ஏற்பதில்லை என்றால், காரணம் இருக்கிறது. நாணல் தண்டும் பழுப்பு, உள்ளே இருக்கும் குருவிகள் அத்தனையும் பழுப்பு. கண்ணை நம்பினால் கவிழ்த்துவிடும். எனவே காதால்தான் கணக்கெடுக்க வேண்டும். ஓரிடத்தில் அசையாமல் நிற்பது. முதலில் கேட்பது எதையும் சேர்க்கக் கூடாது. ஆள் வந்த அரவத்தில் பாதி வாயடைத்துப்போயிருக்கும், மீதி எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். பயம் தெளிந்து ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கிய பிறகுதான் கணக்கு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இடப்பக்கம் ஒரு குரல், சற்றுப் பொறுத்து வலப்பக்கம் அதே குரல் என்றால் இரண்டு பறவை என்று எழுதிவிடக் கூடாது. ஒன்றே பறந்து போயிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பாடினால்தான் இரண்டு.

இதையெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கத் தெரிந்தவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பாம்புக்காது கண்களை மூடிக்கொண்டார்.

"செம்போத்து" என்றார். "தூரத்துல புறா, ரெண்டு. அதுக்கும் அந்தாண்ட மோட்டார் பம்பு. அது புஸ்தகத்துல வராது."

யாரும் சிரிக்கவில்லை. நகைச்சுவையைப் புரிந்துகொள்ளவும் கொஞ்சம் காது வேண்டும்.

படம் வரையும் பெண் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். பல் மருத்துவரும் அதே பக்கம் திரும்பினார்.

"பாடுது அத்தான்."

"தவளை பாடினாலும் உனக்குக் குருவிதான்."

"இதோ, நமக்கு நேரா."

நேராக ஒன்றுமில்லை. காற்றுகூட இல்லை. ஆசை வந்துவிட்டால் இவர்களுக்கு எல்லாம் கேட்கும். கையேடு முழுக்க ஆசையை வைத்து நிரப்பிவிடுவார்கள். தடுக்க ஒரு ஆள் இருப்பதால் பிழைத்தது.

அவள் அவர் முழங்கையைத் தொட்டுக் கை காட்டினாள். பிழைத்துப்போகட்டும் என்று தொலைநோக்கியைத் தூக்கினார்.

நாணலின் உச்சியில், வெட்டவெளியில், குருவி உட்கார்ந்திருந்தது. புருவத்தில் வெளிறிய கோடு. விசிறி வால். சந்தேகத்துக்கே இடமில்லை, அதுவேதான்.

இருக்கிறது. ஆனால் வாயில்லாப் பூச்சியாக அல்லவா இருக்கிறது என்று நினைத்தார்.

அப்போது அது தலையை உயர்த்தியது. அலகு திறந்தது. உள்வாயின் மஞ்சள் தெரிந்தது. தொண்டை புடைத்து, கழுத்து இறகு சிலிர்த்து, சின்ன உடம்பு முழுவதும் அதிர்ந்தது. திறந்த அலகு மூடவே இல்லை.

செம்போத்து கேட்டது. புறா கேட்டது. மோட்டார் பம்பு கேட்டது.

கையேட்டிலிருந்து இந்த வருடம் அவர் வெளியேற்றிய பறவைகள் ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்து உட்கார்ந்தன. எல்லாமே கட்டைவிரல் அளவு. எல்லாமே கண்ணாடியில் ஊசியால் கீறினாற்போன்ற குரல். கனத்த குரல் உள்ளது ஒன்றுகூட இந்த ஊரை விட்டுப் போயிருக்கவில்லை.

தொலைநோக்கியை இறக்கினார். மற்ற இருவரும் நாணலைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குரல் இல்ல" என்றார். "கெளம்பலாம்."

படம் வரையும் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பல் மருத்துவர் அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். கேமராவைத் தூக்கவில்லை. மல்லுக்கட்டவும் இல்லை.

"சரிங்க அத்தான்" என்றார். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். ஆனாலும் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.