கள்ளிச்செடிக்குப் பின்னால்

ஒருமுறை ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் ஓடுகிற தீப்பெட்டியளவு கேமரா அது. கள்ளிச்செடி பூக்கும்வரை தினமும் ஒரு படம் எடுக்கட்டுமென்று தில்லைநாயகி அதைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒன்பது வருடம் கழித்து நேற்றுத்தான் பூ வந்தது. படங்களை இரண்டு நிமிட வீடியோவாக்கி மகள் நித்திலாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, செடியப் பாக்காத. பின்னால அப்பாவப் பாரு."

செடிக்குப் பின்னால் கட்டிலில் அறவாழி கிடந்தார். பத்து வருடத்துக்கு முன் நடந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு உணர்வே இல்லை என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை சுவாசக் குழாயை எடுத்துவிடச் சம்மதித்து தில்லைநாயகியும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வீடியோவில் அவர் கண்கள் நகர்ந்தன. இடப்பக்கம் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. வந்து சேரப்போகும் சமயத்தில், சுவர் ஒழுகுகிறதென்று அவள் நாற்காலியை வலப்பக்கம் மாற்றினாள். கண்களும் வலப்பக்கம் கிளம்பின. அங்கே வெயில் அடிக்கிறதென்று கால்மாட்டுக்கு மாற்றினாள். அவை மறுபடி கிளம்பின.

"ஒரு தடவ உன்னப் பாக்க அப்பாவுக்கு மூணு வருஷம் ஆகுதும்மா!"

"ஒவ்வொரு தடவையும் நாந்தான் எந்திரிச்சுப் போயிருக்கேன்."

தில்லைநாயகி கால்மாட்டிலிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நித்தி, டாக்டருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு." பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க மெதுவாவே வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."